அவளுக்குத் தெரிந்த ஒரேயொரு முகம்

தை மாதத்து வாடைக்காற்று சுருவில் கிராமத்தின் ஆளில்லாத வீடுகளின் யன்னல்களைத் திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், தம்பிராசா வந்து கிழங்குப் பாத்தியின் வரம்பில் குந்தினார். சிவரூபி பாத்திக்குள் நின்று மண்ணைப் பிளந்து பனங்கிழங்கு கிளப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் கம்சிகா ஒரு சாக்கின் மேல் இருந்து கிழங்குகளின் வேரை ஆய்ந்து, கட்டையானவற்றை ஒரு பக்கமும் நெடியவற்றை ஒரு பக்கமுமாக அடுக்கினாள். அவளுக்குப் பதினைந்து வயது. பார்க்கிறவர்கள் பன்னிரண்டு என்பார்கள்.

தம்பிராசா பக்கத்து வளவுக்காரர். எழுபதைத் தாண்டியவர். மகள் மீனலோசனியோடும் பேத்தி இந்துஜாவோடும் இருந்தார். சிவரூபி கிழங்கு கிளப்பும் நாட்களில் வந்து வரம்பில் இருந்து கதைத்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கம்.

“இந்த முறை நல்லாய்த்தான் இறங்கியிருக்கு பிள்ளை. ஒடியலுக்குப் போடப்போறீரோ, அவிச்சு விக்கப்போறீரோ?”

“பாதியைப் பிளந்து காயவைச்சு ஒடியலாக்குவம் மாமா. வெய்யில் நிண்டால். ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சிறம், வாருங்கோ. நண்டும் றாலும் சொல்லி வைச்சிருக்கிறன்.”

“கூழெண்டால் வராமல்? இந்துஜாவையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

கம்சிகா வேர் ஆய்வதை நிறுத்தியிருந்தாள். தம்பிராசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வெட்டாத பார்வை. எழும்பி வந்து, அவருக்கு மிகவும் கிட்டக் குனிந்து, அவருடைய காதுக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோனாள். மணந்து பார்ப்பதுபோல இருந்தது. பிறகு நிமிர்ந்து தாயிடம் சொன்னாள்.

“தாத்தா கூழ் குடிக்க வரமாட்டார்.”

“ஏன் பிள்ளை?” தம்பிராசா சிரித்தார்.

“செத்துப்போவியள்.”

நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல அதைச் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பவும் சாக்கில் போயிருந்து கிழங்கை எடுத்தாள்.

சிவரூபி பாத்திக்குள் இருந்து பாய்ந்து வந்து அவளுடைய தோளில் ஒரு அடி போட்டாள். “என்ன கதை கதைக்கிறாய்? மாமா, குறை நினையாதையுங்கோ. அவளுக்கு என்ன கதைக்கிறது எண்டு தெரியாது.”

“விடும் பிள்ளை. நான் என்ன, இருக்கவே போறன்?” என்றார் அவர். ஆனால் எழும்புவதற்கு அவருக்கு நெடுநேரம் எடுத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து போனார்.

சனிக்கிழமை விடிய அவர் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். சிவரூபி வீட்டில் அன்று கூழ் காய்ச்சவில்லை.

*

கம்சிகாவுக்கு எட்டு வயதில் காலை நேரத்துத் தலையிடியும் வாந்தியும் தொடங்கின. பிறகு நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்தாள். பின்மூளையில் எலுமிச்சங்காயளவு கட்டி என்றார்கள். கொழும்பில் வைத்து வெட்டி எடுத்தார்கள். எடுத்த பிறகு இரண்டு மாதம் அவள் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. அப்படிச் சில பிள்ளைகளுக்கு வரும், போகும் என்று வைத்தியர் சொன்னார். போனது. ஆனால் அது போகும் முன்பே தெற்கே புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்; பிள்ளைகளின் வார்ட்டில், பத்து மாதம். சிவரூபி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். தகப்பன் சசிகரன் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிறுவை வேலை. மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போவார்.

பிள்ளை தப்பி வந்தது. ஊர் முழுக்க வந்து பார்த்தது.

இடது காது கேட்காது. பிடரியில் உள்ளங்கையளவுக்கு மயிர் முளைக்காத திட்டு. வளர்த்தி நின்றுவிட்டது. இவை கண்ணுக்குத் தெரிந்தவை, ஊர் பழகிக்கொண்டது. தெரியாத ஒன்று மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அவளுக்கு முகங்கள் பிடிபடவில்லை. ஒருவர் சிரிக்கிறாரா நக்கலடிக்கிறாரா, களைத்திருக்கிறாரா கோபித்திருக்கிறாரா, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆட்களுக்கு மிகவும் கிட்ட நின்றாள். பகிடியை மெய் என்று நம்பினாள். பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்ட முதல், “எப்ப வீட்டை போறது?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கழன்று போக, இந்துஜா மட்டும் வாங்கில் பக்கத்தில் இருந்தாள்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மேர்சி என்றொரு இளம்பெண் இப்படியான பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிவரூபி மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். மேசையில் முகங்களின் படங்களைப் பரப்பி வைத்து, இது என்ன, இது என்ன என்று மேர்சி கேட்பாள்.

“மற்றப் பிள்ளையள் பாத்துப் பாத்துத் தானாய்ப் பழகிறதை, கம்சிகா கணக்குப் பாடம் மாதிரிப் படிக்கவேணும் அம்மா. நேரம் எடுக்கும். ஆனால் படிப்பா,” என்று முதல் நாளே சொன்னாள்.

மூன்று வருடத்தில் ஆறு படத்தில் நாலு சரி வந்தது. கோபமும் பயமும் இன்னும் மாறி மாறிப் போயின.

*

தம்பிராசாவின் செத்தவீட்டில் மீனலோசனி பிணத்தின் காலடியில் இருந்து ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “நாள் குறிச்செல்லோ அனுப்பினது. என்ரை அப்பாவுக்கு நாள் குறிச்சு அனுப்பிப்போட்டாள்.” பெண்கள் எல்லோரும் திரும்பிச் சிவரூபியைப் பார்த்தார்கள். அவள் எழும்பி வந்துவிட்டாள்.

மாசியில் இரண்டாவது நடந்தது. பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த, சரவணை ஊர்ப் பக்கத்து மனிசி ஒருத்தியைக் கம்சிகா கண் வெட்டாமல் பார்த்தாள். இறங்கும்போது, “இவவும்தான் அம்மா,” என்றாள். கண்டக்டருக்குக் கேட்டது. பஸ் முழுக்கக் கேட்டது. பத்து நாளில் அந்த மனிசியின் மரண அறிவித்தல் சந்தி மதிலில் ஒட்டியிருந்தது.

அந்த இரண்டுக்கும் இடையில், நல்ல திடகாத்திரமான ஒரு மனிதர் வெங்காயத் தோட்டத்தில் மாரடைப்பு வந்து விழுந்து செத்தார். முதல் நாள்தான் கம்சிகாவோடு கதைத்துவிட்டுப் போனவர். அவரைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சசிகரன் அதைச் சங்கக்கடையில் பலபேருக்குச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் போடவில்லை.

பிறகு முகங்கள் மறையத் தொடங்கின.

கம்சிகா ஒழுங்கையால் வந்தால் எதிரே வரும் பெண்கள் குடையைச் சரித்துப் பிடித்தார்கள். மழையும் இல்லை, வெய்யிலும் இல்லை. சைக்கிளில் வருகிறவர்கள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டே மிதித்தார்கள். கிழங்கு வாங்க வந்த ஒரு பெடியன் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியைக்கூட உயர்த்தாமல், கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து “நூறு கிழங்கு” என்றான். கிழங்கை எண்ணிப் போடும் நேரம் முழுக்க அந்தக் கறுப்புக் கண்ணாடியில் கம்சிகாவுக்குத் தன் முகம்தான் தெரிந்திருக்கவேண்டும். அவள் அதை ஆவலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் இந்துஜா மற்ற வாங்குக்குப் போய்விட்டாள்.

“அவளுக்குக் கோவமோ, பயமோ?” என்று கம்சிகா வந்து கேட்டாள். “நான் கனநேரம் பாத்தனான். எனக்கு விளங்கேல்லை. அவள் புத்தகத்தாலை முகத்தை மறைக்கிறாள்.”

“இரண்டும்தான் பிள்ளை,” என்றாள் சிவரூபி.

“ஒரு முகத்திலை இரண்டு வருமோ?”

“வரும்.”

கம்சிகா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

*

சரோஜினிதேவி என்ற பெண் ஆட்டோ பிடித்து நயினாதீவுப் படகுத்துறைப் பக்கமிருந்து வந்தாள். முன்பின் அறியாதவள். வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. முந்தானையால் மூக்குவரை மூடியிருந்தாள். கைப்பையில் இருந்து போனை எடுத்து அழுத்தினாள். கனடாவில் இருந்து ஒரு ஆண் முகம் வந்தது. தலையணையில் சாய்ந்திருந்த, சவரம் செய்யாத முகம்.

“என்ரை தம்பி. மூண்டு மாதமாய்ப் படுக்கை. பிள்ளை பாத்து ஒரு சொல்லுச் சொல்லட்டும். நான் அங்கை போறதோ, நிக்கிறதோ எண்டு முடிவெடுக்க வேணும்.”

சிவரூபி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கம்சிகாவின் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அவள் பார்த்தாள். போனுக்குள் இருந்த மனிதனும் அவளைப் பார்த்தான். அங்கே எங்கோ ஒரு இயந்திரம் விட்டு விட்டுக் கூவியது. முற்றத்தில் காயப்போட்டிருந்த ஒடியலை ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது. துரத்த ஒருவரும் போகவில்லை.

“தெரியாது,” என்றாள் கம்சிகா கடைசியில். “போனிலை மணம் வராது.”

போனில் இருந்த முகம் கண்ணை மூடிக்கொண்டது. சரோஜினிதேவி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். சிவரூபி அவளை ஆட்டோமட்டும் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது கதிரையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்தன.

அடுத்த நாள் காலையில் வாசல் படலைக்கு வெளியே யாரோ கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு செம்பரத்தம்பூ. சசிகரன் அதைச் செருப்புக் காலால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கரி பரவியது.

“எங்கடை பிள்ளையைச் சாமியாக்கப் போறாங்கள்,” என்றார் குசினி வாசலில் வந்து நின்று. “இல்லாட்டில் பேயாக்கப் போறாங்கள். இரண்டுக்கும் நடுவிலை இவளுக்கு இனி இடமில்லை. பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டும். வவுனியாவிலை அக்கா வீட்டிலை கொண்டுபோய் விடுவம்.”

“அங்கையும் ஆக்கள் சாவினம்தானே,” என்றாள் சிவரூபி.

“அப்ப என்ன செய்யிறது? நீர் சொல்லும்.”

அவள் புட்டு மாவைக் கொத்திக்கொண்டே இருந்தாள். மகளுக்குள் ஏதோ வந்து இருக்கிறது என்று அவளுக்கே சில நேரம் தோன்றத் தொடங்கியிருந்ததை அவள் கணவனுக்குச் சொல்லவில்லை. வெட்டி எடுத்த இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்குமல்லவா. எலுமிச்சங்காயளவு. அதற்குள் என்ன வந்து குடியிருக்கிறது?

அன்று பின்னேரம் இருவரும் பின்விறாந்தையில் இருந்து கிழங்கைத் தோலுரித்து இரண்டாகப் பிளந்தார்கள். கம்சிகாவுக்குக் கை நடுங்கும். அதனால் தோலுரிப்பது அவள், கத்தி பிடிப்பது தாய். சிவரூபி மகளின் வலது காதுப் பக்கமாகப் போயிருந்தாள்.

“பிள்ளை, உனக்கு ஆர் சொல்லித் தாறது?”

“எதை?”

“சாகப்போறவையை.”

“ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் பாத்தனான்.”

“என்னத்தைப் பாத்தனி?”

கம்சிகா தோலுரிப்பதை நிறுத்தவில்லை. “மூக்குக் கூராய் வரும். காதுக்கு முன்னாலை பள்ளம் விழும். கண் திறந்திருக்கும், ஆனால் ஆளைப் பாக்காது, ஆளுக்குப் பின்னாலை பாக்கும். பிறகு மணம். பழுத்த பலாப்பழம் வைச்ச அறை மாதிரி. டிலினி அக்காவுக்கு முதல் வந்தது. பிறகு அந்த மொட்டைத் தம்பிக்கு. பிறகு மன்னார்ப் பிள்ளைக்கு. ஏழு பேர்.”

சிவரூபியின் கையில் கத்தி நின்றுவிட்டது.

புற்றுநோய் வார்ட்டில் கம்சிகாவின் கட்டில் சுவரோரம். அடுத்த கட்டில்தான் கடைசிக் கட்டில். நர்ஸ்மார் மேசைக்குக் கிட்டவாக இருந்ததால், நோய் கடுமையான பிள்ளைகளை அதற்குத்தான் மாற்றுவார்கள். அங்கே திரை இழுபடும்போதெல்லாம் சிவரூபி கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே பாயில் முகம் குப்புறப் படுத்துத் தேவாரம் சொல்லுவாள். தன் பிள்ளைக்கு வாயும் இல்லை, உணர்வும் இல்லை, அதுவும் ஒரு நன்மைக்குத்தான் என்று நினைத்திருந்தாள்.

“நீ அப்ப நித்திரையெல்லோ?”

“இல்லை. கதைக்கத்தான் ஏலாது. கண் தெரியும்.”

“மற்றப் பக்கம் திரும்பியிருக்கலாமே என்ரை குஞ்சு.”

“எனக்குத் திரும்ப ஏலாது. வெட்டின பக்கம் நோகும் எண்டு நீங்கள்தானே என்னை அந்தப் பக்கம் திருப்பி விட்டிருந்தனீங்கள்.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவளுக்குக் குற்றம் சொல்லத் தெரியாது. சிவரூபி பிளந்த கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு வளவின் எல்லையைப் பார்த்தாள். பூட்டிய வீடுகளின் கூரைகளுக்கு மேலே பனைகள் ஓலையை உரசிக்கொண்டு நின்றன. தம்பிராசாவின் கால் அவளுக்கு நினைவுக்கு வந்தது. செருப்புப் போட முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கிளினிக்குக்குப் போவதை அவர் விட்டு ஆறு மாதம் என்று ஊருக்கே தெரியும். அன்று வரம்பில் அவர் மூச்சு வாங்கிய சத்தம் அவளுக்கும் கேட்டதுதான். அவள் கூழைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு எந்த முகத்தையும் வாசிக்க முடியாத பிள்ளை இந்த ஒரு முகத்தை மட்டும் ஏழு தரம் படித்துப் பாடமாக்கியிருக்கிறது.

*

மேர்சி அந்தக் கதை முழுவதையும் கேட்டாள். பிறகு கம்சிகாவிடம் தெளிவாகச் சொன்னாள். “நீர் பாத்தது பொய்யில்லை. ஆனால் அதை ஆக்களுக்குச் சொன்னால் அவைக்கு நோகும். அதுதான் முகத்தை மறைக்கினம். இனிக் கண்டால் அந்த இடத்திலை சொல்லப்படாது. வீட்டை போய் அம்மாவின்ரை காதுக்குள்ளை சொல்லவேணும். சரியோ?”

“பொய் சொல்லோணுமோ?”

“பொய் வேண்டாம். பேசாமல் இருந்தால் காணும். இல்லாட்டில் வேறை ஏதும் நல்லதைச் சொல்லலாம். சட்டை வடிவு, மழை வரும்போலை கிடக்கு, அப்பிடி.”

கம்சிகா அதைக் கொப்பியில் எழுதினாள். “ஒண்டு, பேசாமல் இருத்தல். இரண்டு, சட்டை வடிவு.” பங்குனி முழுக்க அவள் இரண்டையும் பழகினாள். காண்கிற எல்லோருக்கும் சட்டை வடிவு என்று சொன்னாள். சட்டை போடாமல் மண் சுமந்துகொண்டிருந்தவனுக்கும் சொன்னாள்.

ஊரில் முகம் மறைக்காமல் அவர்களுடைய படலையைத் திறந்துகொண்டு வந்த ஒரே ஆள் றோசம்மா. ஊர்காவற்றுறைக்காரி, ஐம்பத்தைந்து வயது. ஸ்கூட்டியின் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு கிழமையில் மூன்று நாள் வருவாள். அவளோடு கம்சிகாவுக்குக் கஷ்டமே இல்லை. ஏனென்றால் றோசம்மா எதையும் முகத்தில் விட்டுவைக்கமாட்டாள், வாயால் சொல்லிவிடுவாள்.

“இஞ்சை பார் பிள்ளை, இப்ப எனக்குச் சரியான கோவம். உங்கடை ஒழுங்கையிலை ஒருத்தி என்ரை ஒட்டி மீனைப் பழசு எண்டுட்டாள். இது கோவம். விளங்குதோ? இன்னும் கொஞ்சத்தாலை போயிடும்.”

“போட்டுதோ அன்ரி?”

“இப்பத்தான் போகுது.”

ஊரார் கதையை அவளிடமும் சொல்லியிருந்தார்கள். “என்ரை மூஞ்சையை ஆயிரம் மீன் பாத்திட்டுச் செத்திருக்கு. இவள் பாத்து என்ன வரப்போகுது?” என்றாளாம்.

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருந்தது. குசினியில் சிவரூபி சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். முற்றத்தில் றோசம்மா பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஓரா இருக்கு, சூடை இருக்கு. அம்மாவைக் கூப்பிடு பிள்ளை. என்ன, என்னைப் பாராமல் மீனைப் பாக்கிறாய்?”

ஒரு பதிலும் இல்லை. அந்தப் பேசாமை நீண்டது. பிறகு கம்சிகாவின் தட்டையான குரல் கேட்டது.

“அன்ரி, உங்கடை சட்டை வடிவு.”

றோசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “செதிலும் இரத்தமும் பட்ட சட்டை, இது வடிவோ?”

“ஓம். மழை வரும்போலை கிடக்கு.”

வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. சிவரூபிக்குத் தேங்காய்ப்பூ கையிலிருந்து நழுவியது. முற்றத்துக்கு வந்தாள். மகள் மீன் பெட்டிக்கு மேலே குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிரவில்லை.

வாழ்க்கையில் முதல் தரம், அவள் சொல்ல இருந்ததை ஒருவருக்காக விழுங்கியிருக்கிறாள். மேர்சி மூன்று வருடமாகப் பாடுபட்டது இதற்குத்தான். சிவரூபிக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே நேரத்தில் குளிர்ந்தும் போனது. ஓடிப்போய் இதை ஆருக்குச் சொல்வது? பிள்ளை படித்துவிட்டாள் என்று இந்த மனிசியின் முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

அவள் றோசம்மாவை, அந்த வருடத்தில் முதல் தரமாக, நிதானமாகப் பார்த்தாள். சட்டையின் தோளில் இரண்டு ஊசி குத்தி ஒடுக்கியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. கையெல்லாம் சொறிந்த கோடுகள்.

“றோசம்மாக்கா, உடம்பு வத்தினது மாதிரிக் கிடக்கு. என்ன செய்யுது?”

“வெய்யிலுக்குச் சாப்பாடு மனமில்லை தங்கச்சி. உடம்பு கடிக்குது. மீன் சொறியாக்கும்.”

“மீனை விடுங்கோ. என்னோடை ஆஸ்பத்திரிக்கு வாருங்கோ. இப்பவே.”

“என்ன விசர்க்கதை? மீன் என்ன செய்யிறது?”

“நான் எல்லாத்தையும் எடுக்கிறன்,” என்றாள் சிவரூபி.

அன்று பின்னேரம் கம்சிகா தாயின் காதுக்குள் சொல்லவேண்டியதைச் சொன்னாள். சிவரூபிக்கு அப்போது அது தேவைப்படவில்லை.

*

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படம் பிடித்துப் பார்த்தார்கள். கணையத்தில் தொடங்கி ஈரலுக்கு ஏறிவிட்டது. மஞ்சள் காமாலைக்கு ஒரு குழாய் வைத்து, மருந்து கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள். றோசம்மாவின் தம்பிமார் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பித்தப்பையில் கல்லு, கரைந்துவிடும் என்றார்கள். பிரான்சில் இருந்த ஒரே மகளுக்கும் அதையே சொல்லி, ஆடி மாதம் லீவு கிடைக்கும்போது ஆறுதலாக வரலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்த எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள், சிரித்துக்கொண்டு போனார்கள்.

வைகாசி தொடக்கத்தில் சிவரூபி மகளோடு பார்க்கப் போனாள். கடற்கரையை ஒட்டிய சின்னக் கல்வீடு. சோளகக் காற்றுத் தொடங்கியிருந்தது. கதவு அடிபடாமல் இருக்க ஒரு கல்லை அண்டை வைத்திருந்தார்கள். றோசம்மா சுவரோடு சாய்ந்து இருந்தாள். பாதியாய்ப் போயிருந்தாள். தம்பியின் மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் றோசம்மா கம்சிகாவைக் கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டாள்.

“இஞ்சை வா. இந்தக் காதுதானே கேக்கும்? நீயாவது சொல்லு பிள்ளை. எல்லாரும் என்னைச் சின்னப்பிள்ளை மாதிரிப் பேய்க்காட்டி ஏமாத்தினம். நான் பிழைப்பனோ?”

கம்சிகா தாயைத் திரும்பிப் பார்த்தாள். சிவரூபி ஓம் என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை. என்ன செய்யச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. கொப்பியில் எழுதிய இரண்டும் இங்கே உதவாது.

கம்சிகா றோசம்மாவின் முகத்துக்குக் கிட்டப் போனாள். போனவள் நடுவில் நின்று, ஒரு அடி பின்னுக்கு எடுத்து வைத்தாள்.

“அன்ரி, உங்களுக்குச் சொல்லட்டோ? சொல்லாமல் இருக்கட்டோ?”

வெளியே கடல் இரைந்தது. றோசம்மா அவளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தாள்.

“கேட்டதிலையே சொல்லிப்போட்டாயடி.”

“நான் சொல்லேல்லை! கேட்டனான்!”

“ஓம் ராசாத்தி. கேட்டனி. இந்த ஒரு மாதத்திலை என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை.” அவள் கையை நீட்டிக் கம்சிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “அழாதை.”

“நான் அழேல்லை அன்ரி.”

“அப்ப நான்தான் அழுறன் போலை. இது கவலை. கோவமில்லை. விளங்குதோ?”

“விளங்குது,” என்றாள் கம்சிகா.

தேத்தண்ணியோடு வந்த தம்பி மனைவியிடம் றோசம்மா போனைக் கேட்டாள். பிரான்சில் இருந்த மகளுக்குத் தானே எடுத்தாள். “ஆடியிலை வரவேண்டாம் பிள்ளை. இந்தக் கிழமை வா,” என்றாள். தம்பி மனைவி தட்டை வைத்துவிட்டுச் சிவரூபியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் ஐந்தாம் நாள் வந்து இறங்கினாள். தாயும் மகளும் பதினெட்டு நாள் ஒன்றாக இருந்தார்கள். அதற்கு மேல் றோசம்மா இருக்கவில்லை.

*

சேமக்காலையில் குழிக்கு மண் போட்டுவிட்டுச் சனம் கலைந்தபோது அந்த மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கம்சிகாவுக்கு நேரே வந்து நின்று, இரண்டு கையாலும் அவளுடைய கன்னங்களைப் பிடித்து, அழுது வீங்கிய தன் முகத்தை மறைக்காமல் காட்டினாள். கம்சிகா அசையாமல் நின்றாள். சுற்றி நின்ற பெண்களில் சிலர் குடையை இறக்கினார்கள். சிலர் இறக்கவில்லை.

சுருவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கம்சிகா யன்னலோரம் இருந்தாள். வீதியின் இரண்டு பக்கமும் தரவை நிலம் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. இடையிடையே கூரை போன வீடுகள் வந்து போயின. சிவரூபி வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், தான் வழக்கமாக மகளின் கேட்காத காதுப் பக்கமே இருப்பதைக் கவனித்தாள். இன்று மட்டுமல்ல. தை மாதத்துக்குப் பிறகு தலை வாரி இழுத்துவிடுவது பின்னால் நின்றுதான். சோறு போடுவது பக்கவாட்டில் நின்றுதான். விளக்கு வைத்த பிறகுதான் மகளோடு முகம் பார்த்துக் கதைக்கிறாள். ஒரு ஊரே குடை பிடித்ததற்கு வயிறெரிந்தவள் தானும் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் எழும்பி, மகளை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, அவளுடைய மறுபக்கம் யன்னலோரமாக நெருக்கி இருந்தாள். வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது.

“பிள்ளை, என்னைப் பார்.”

கம்சிகா திரும்பினாள். பார்த்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அவள் கண் வெட்டவில்லை.

“கோவமோ அம்மா?”

“இல்லை.”

“அப்ப பயம்.”

“ஓம். பயம்.”

“இப்ப சரியாய்ச் சொன்னன், என்ன?” என்றாள் கம்சிகா. பிறகு குனிந்து, தாயின் காதுக்குக் கீழே முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். அப்படியே கொஞ்சநேரம் இருந்தாள். சிவரூபி இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் தெரிந்த வீதியைப் பார்த்தாள்.

கம்சிகா நிமிர்ந்து தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

“ஒண்டுமில்லை அம்மா,” என்றாள். “ஒண்டுமே இல்லை.”

குரல் வழக்கம்போலத் தட்டையாக இருக்கவில்லை. முதல் தரமாக அதில் ஒரு மென்மை இருந்தது. சிவரூபி சட்டென்று திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு, கண், உதடு என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். கம்சிகா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் சிவரூபியால் எதையும் வாசிக்க முடியவில்லை.